சூரியகாந்தி நாற்றிலேயே வேரழுகலைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி இது: சிவகங்கை மாவட்டம் கல்லல் பக்கம் சரளை கலந்த செம்மண், கிணற்றுப் பாசனம். சித்திரைப் பட்டத்தில் போட்ட சூரியகாந்தி, பூ எடுக்கும் சமயத்தில் திட்டுத் திட்டாக வாடிக் காய்ந்துவிட்டது. பிடுங்கினால் வேர் கருத்து, பட்டை நார் நாராக உரிந்து வந்தது. அடுத்த பட்டத்துக்கு நான்கு வகை விதை கைவசம் இருக்கிறது. அதில் ஒன்று போன முறை காய்ந்த அதே வகை. எந்த வகை வேரழுகலுக்குச் சீக்கிரம் பலியாகும் என்று விதைப்புக்கு முன்பே தொட்டியில் நாற்று வைத்துத் தெரிந்துகொள்ள முடியுமா? வெளிநாட்டுக் குறிப்பு ஒன்று செடிகளை 20 டிகிரி குளிர்ச்சியில் வைக்கச் சொல்கிறது. அதையே செய்யலாமா?

முடியும். ஏறக்குறைய இரண்டு மாதம், 40 கிலோ மண், 36 தொட்டி, சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் போதும். ஆனால் 20 டிகிரி வேண்டாம். அந்தக் குறிப்பு ஸ்கிளிரோட்டினியா என்ற பூசணத்துக்கு எழுதியது. அமெரிக்காவின் வட டகோட்டா மாதிரிக் குளிர்ப் பிரதேசங்களில் சூரியகாந்தியின் பெரிய எதிரி அதுதான். அங்கே அந்தப் பூசணத்தைச் சிறுதானியத்தில் வளர்த்து வேருக்குப் பக்கத்தில் இட்டுச் சோதிப்பார்கள். நம் வெயிலில் சித்திரை, வைகாசியில் வேரைக் கருக்குவது பெரும்பாலும் மேக்ரோபோமினா பேசியோலினா என்ற வேறொரு பூசணம். அதற்கு 30 முதல் 35 டிகிரி சூடும் வறட்சியும்தான் கொண்டாட்டம். அதை 20 டிகிரியில் வைத்துச் சோதித்தால் நான்கு வகையும் செழிப்பாக நிற்கும். எல்லாமே நோயைத் தாங்கும் என்று தப்பாக முடிவு கட்டிவிடுவீர்கள்.

இந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். நாற்றிலேயே மளமளவென்று சாகும் வகையை நோயுள்ள வயலில் போடாமல் ஒதுக்கிவிடலாம். நாற்றில் பிழைத்த வகை வயலிலும் பிழைக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. மேக்ரோபோமினா இளம் வேருக்குள் புகுந்துவிட்டு, பூ கட்டும் வரை வெளியே அடையாளம் காட்டாமல் இருக்கக்கூடியது. தலை திரளும்போது செடியின் சத்தெல்லாம் அங்கே ஓடி வேர் பட்டினி கிடக்கும். அந்த நேரத்தில் தண்ணீரும் குறைந்தால் பூசணம் மேலே ஏறிவிடும். உங்கள் வயலில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும். எனவே கழிப்பதற்குரிய முதல் சல்லடை என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். சூரியகாந்தியில் இந்த நோய் அறவே அண்டாத வகையை எதிர்பார்க்கவும் வேண்டாம். வகைக்கு வகை இருப்பது கூடக் குறைய என்ற வித்தியாசம்தான்.

எது கொன்றது என்று முதலில் பாருங்கள்

வேர் கருத்திருந்தாலே மேக்ரோபோமினா என்று சொல்லிவிட முடியாது. காய்ந்த செடியின் தண்டடியை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். பட்டைக்கு உள்பக்கமும் நெட்டியிலும் கரித்தூள் தூவியதுபோல் நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மேக்ரோபோமினா. அந்தப் புள்ளிகள்தான் அதன் உறக்க விதைகள். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் தனித்தனியாகத் தெரியும். தரை மட்டத்தில் தண்டைச் சுற்றி வெள்ளை நூல் விசிறிபோல் படர்ந்து, கடுகு அளவில் பழுப்பு உருண்டைகள் இருந்தால் ஸ்கிளிரோஷியம் ரால்ப்சி. கழுத்தழுகல் என்பது அதைத்தான். கடலைக்காட்டில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. வேரின் பட்டை வழுவழுவென்று கழன்று உள்நரம்பு மட்டும் எலிவால்போல் மிஞ்சினால் தண்ணீர் தேங்கியதால் பித்தியம் என்ற பூசணம் உண்டாக்கிய அழுகல். வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் இருந்தால் நூற்புழு. அது போட்ட ஓட்டை வழியாக மேக்ரோபோமினா இன்னும் சுலபமாக நுழையும். வேர் உள்ளே குடையப்பட்டு மண் அடைத்திருந்தால் கறையான். நம் செம்மண்ணில் இதையும் அடிக்கடி வேரழுகல் என்று தப்பாகச் சொல்லிவிடுகிறோம்.

சந்தேகம் இருந்தால் வாடத் தொடங்கிய, இன்னும் முழுதாகக் காயாத செடிகள் நாலைந்தை வேர் மண்ணோடு எடுத்து, ஈரக் காகிதத்தில் சுற்றி, குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாலயன்கோட்டை வேளாண் கல்லூரியிலோ நோயியல் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். காய்ந்து பத்து நாளான செடி உதவாது. செத்த வேரில் குடியேறும் வேறு பூசணங்கள் உண்மையான கொலையாளியை மறைத்துவிடும்.

கடலை, எள், உளுந்து, சோளம் எல்லாமே மேக்ரோபோமினாவுக்கு இடம் கொடுக்கும் பயிர்கள். அதனால் இதுவரை சூரியகாந்தியே போடாத கொல்லையிலும் அது இருக்கலாம்.

இரண்டு சாட்சிகள்

சோதனை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. சாக வேண்டிய செடி சாக வேண்டும். பிழைக்க வேண்டிய செடி பிழைக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் மற்ற எண்களை நோட்டில் எழுதுவதே வீண்.

சாக வேண்டியதற்குச் சாட்சி, போன முறை உங்கள் வயலில் காய்ந்த அதே வகை. கூடவே இரண்டு தொட்டியில் தட்டைப்பயறும் போடுங்கள். மேக்ரோபோமினாவுக்கு அது மிக எளிதில் இரையாகும். சூரியகாந்தி எதுவும் சாகாமல் தட்டைப்பயறு மட்டும் செத்தால் பூசணம் உயிரோடுதான் இருக்கிறது, அளவு போதவில்லை என்று பொருள். அதுவும் சாகவில்லை என்றால் பூசணமே செத்துவிட்டது, அல்லது சூடு போதவில்லை.

பிழைக்க வேண்டியதற்குச் சாட்சி, ஒவ்வொரு வகைக்கும் பூசணம் இல்லாத தொட்டி. பொதுவாக ஒரே ஒரு வகைக்கு மட்டும் சுத்தமான தொட்டி வைத்து மிச்சம் பிடிப்பார்கள். அப்படிச் செய்தால், விதையே பலவீனமாக இருந்து செத்த வகையின்மேல் நோய்ப் பழி விழுந்துவிடும்.

கணக்கு: 4 வகை, வகைக்கு 4 நோய்த் தொட்டி, 4 சுத்தத் தொட்டி, தொட்டிக்கு 5 நாற்று. தட்டைப்பயறுக்கு 2-ம் 2-ம். மொத்தம் 36 தொட்டி. 15 செ.மீ. வாய் அகலத் தொட்டியோ அடியில் நாலு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவோ எடுத்து, தலைக்கு 1 கிலோ உலர் மண் நிரப்ப வேண்டும்.

மண்: நம் செம்மண்ணுக்கு ஒரு சிக்கல்

சலித்த செம்மண்ணும் ஆற்று மணலும் சரிபாதி. எரு, மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு எதுவும் சேர்க்க வேண்டாம். எருவில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணம் இருக்கலாம். அது மேக்ரோபோமினாவையே தின்று சோதனையைக் கெடுக்கும். அதோடு எருவை அவித்தால் அம்மோனியா கிளம்பி வேர் கருகும்.

மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரமாக்கி, துணியில் கட்டி, பழைய இட்லிக் கொப்பரையிலோ அண்டாவில் தட்டு வைத்தோ ஆவியில் வேகவிடுங்கள். மூட்டையின் நடுவில் சூடு ஏறிய பிறகு 1 மணி நேரம். மறுநாள் இன்னும் 1 மணி நேரம். முதல் நாள் சூட்டில் சாகாமல் உறங்கிய வித்துக்கள் அன்றிரவு முளைவிடும். இரண்டாம் நாள் சூடு அவற்றை முடித்துவிடும். காய்ந்த மண்ணை அவித்தால் பலன் பாதிதான். உலர்ந்த உறக்க விதை சூட்டை நன்றாகத் தாங்கும். வெயிலில் பாலித்தீன் போர்த்தி மண்ணைச் சூடேற்றும் முறையும் தனியாக இந்தப் பூசணத்துக்குப் பெரும்பாலும் போதாது.

செட்டிநாட்டுச் சரளைச் செம்மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உள்ளது. இப்படிப்பட்ட மண்ணை ஆவியில் அவித்ததும் அதில் கட்டுண்டிருந்த மாங்கனீசு கரைந்து வெளியே வந்துவிடும். உடனே விதைத்தால் நாற்று குட்டையாகி, இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து, ஓரம் கருகும். பார்த்தால் நோய் போலவே இருக்கும். அதனால்தான் பாதி மணல் கலக்கச் சொன்னது. அவித்த மண்ணைச் சுத்தமான தொட்டியில் கொட்டி, மேலே துணி கட்டி, பத்து நாள் ஆறவிடுங்கள். அதன்பின் ஒரு கைப்பிடியில் கடுகோ வெந்தயமோ தூவிப் பாருங்கள். நாலைந்து நாளில் பச்சையாக ஒழுங்காக எழுந்தால் மண் தயார்.

பூசணத்தைத் தயார் செய்வது

இதற்கு இரண்டு வழி உண்டு. கலப்பில்லாத பூசண வளர்ப்பு ஆய்வகத்திலிருந்து கிடைத்தால் சோளத்தில் வளர்க்கலாம். கிடைக்காவிட்டால் உங்கள் வயல் மண்ணையே பயன்படுத்தலாம். விவசாயிக்கு இரண்டாவது வழிதான் கேள்விக்கு நேரான விடை தரும். முதல் வழியில் எண்கள் துல்லியமாக வரும்.

சோள வழி காளான் வித்து தயாரிப்பவர்களுக்குப் பழகிய வேலை. 1.25 கிலோ சோளத்தை இரவு ஊறவைத்து அரைவேக்காடு வேகவையுங்கள். தோல் வெடிக்கக் கூடாது. வெடித்தால் மாவு கசிந்து பை களியாகிவிடும். நீரை வடித்து, கோணியில் பரப்பி, கையில் ஒட்டாத அளவு உலர்த்தினால் ஏறக்குறைய 2 கிலோ தேறும். வெப்பம் தாங்கும் பாலிப்ரொப்பிலீன் பைகளில் 250 கிராம் வீதம் 8 பை. வாயில் வளையமும் பஞ்சும் வைத்து, குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில் 1 மணி நேரம்; மறுநாள் மறுபடி 1 மணி நேரம். ஆறியதும் வளர்ப்புத் தட்டிலிருந்து 5 மி.மீ. வட்டத் துண்டுகள் பைக்கு நாலைந்து. 30 டிகிரியில் 15 நாள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பையைக் குலுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் கட்டியாகி நடுவில் பூசணம் போகாது. கடைசியில் சோளம் முழுக்கக் கரி பூசியதுபோல் கறுத்திருக்கும். பச்சைப் பொடி, கறுப்புக் குண்டூசித் தலை, புளித்த வாடை எது தெரிந்தாலும் அந்தப் பையை ஒதுக்கி அவித்துக் கொட்டுங்கள். காளான் வளர்க்கும் அறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

எட்டுப் பையிலும் பூசணம் வளர்ந்த பிறகு நான்கு பையை மறுபடி குக்கரில் போட்டுக் கொன்றுவிடுங்கள். அது சுத்தத் தொட்டிக்கு. வெறும் மண்ணைச் சுத்தத் தொட்டியாக வைப்பது பரவலான தவறு. கிலோவுக்கு 50 கிராம் சோளம் மண்ணில் மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். நாற்று வெளுத்துச் சுணங்கும். இரண்டு பக்கமும் அதே அளவு சோளம் இருந்தால்தான் மிஞ்சும் வித்தியாசம் பூசணத்தால் வந்தது என்று சொல்ல முடியும்.

அளவு கிலோ மண்ணுக்கு 50 கிராம், அதாவது 5 சதம். நோய்த் தொட்டி 18-க்கு 900 கிராம் ஆகும். ஆனால் பூசணத்தின் வீரியம் ஒன்றுபோல் இராது. கொஞ்சம் பொறுமையாக, போன முறை காய்ந்த வகையை மட்டும் வைத்து 10, 20, 50 கிராம் என்று மூன்று அளவில் முன்னோட்டம் பார்ப்பது நல்லது. அந்த வகை எந்த அளவில் நூற்றுக்கு 70, 80 சாகிறதோ அதுதான் உங்கள் அளவு. எல்லா வகையும் பத்து நாளில் செத்துவிழும் அளவில் சோதித்தால் நல்லதும் கெட்டதும் ஒன்றாகத்தான் தெரியும். பூசணம் கலந்த மண்ணை ஈரமாக, மூடி, 5 முதல் 7 நாள் வைத்திருந்து பிறகு நடுங்கள். சோள மணியிலிருந்து மண்ணுக்குள் பூசணம் படர அந்த அவகாசம் வேண்டும். எறும்பு சோளத்தை இழுத்துக்கொண்டு போகும். தொட்டி வரிசையைத் தண்ணீர் நிரப்பிய தட்டங்களுக்கு நடுவில் உயர்த்தி வையுங்கள்.

வயல் மண் வழியில், செடி காய்ந்த திட்டுகளில் எட்டுப் பத்து இடத்தில், மேல் 15 செ.மீ. மண்ணை எடுத்துக் கலந்து சலியுங்கள். பாதியை அப்படியே வையுங்கள். பாதியை மேலே சொன்னபடி அவித்து ஆறவிடுங்கள். அப்படியே உள்ளது நோய்த் தொட்டிக்கு, அவித்தது சுத்தத் தொட்டிக்கு. இரண்டிலும் மண் ஒன்றே, உயிர் மட்டும் வேறு. திட்டில் பூசணம் குறைவாக இருந்து சாட்சி வகை சாகாமல் போனால், காய்ந்த சூரியகாந்தியின் வேரையும் தண்டடியையும் நிழலில் உலர்த்தி, இதற்கென்றே ஒதுக்கிய மிக்ஸி ஜாரில் பொடித்து, கிலோ மண்ணுக்கு 10 கிராம் சேர்க்கலாம். சுத்தத் தொட்டிக்கும் அதே பொடி, அவித்தது. இந்த வழியில் நூற்புழு உள்பட மண்ணில் இருக்கும் எல்லாமே செடியைத் தாக்கும் என்பதை மறக்க வேண்டாம். எது கொன்றது என்று பிரிக்க முடியாது. உங்கள் கொல்லையில் எது நிற்கும் என்பது தெரியும்.

விதை

புதிதாக அறுத்த சூரியகாந்தி விதைக்கு ஒன்றரை மாதம் வரை உறக்கம் உண்டு. அதை உடனே சோதனையில் போட்டால் முளைக்காததெல்லாம் அழுகியதாகக் கணக்கில் ஏறிவிடும். கடை விதையில் வேறு சிக்கல்: சிவப்பு, நீலம் என்று நிறம் பூசியிருந்தால் பூசணக்கொல்லி பூசியிருக்கிறது. பூசிய விதையையும் பூசாத விதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்கள் ஒப்பிடுவது மருந்தைத்தான், வகையை அல்ல. பூசாத விதை கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, 2 மணி நேரம் ஊறவைத்து மேல் உமியை உரித்துவிட்டால் பூச்சின் பெரும்பகுதி போய்விடும். உள்ளே ஊடுருவும் கார்பென்டசிம் போன்ற மருந்து முழுக்கப் போகாது. எந்த வகையில் எது பூசியிருந்தது என்று பையில் உள்ள சீட்டைப் பார்த்து எழுதிவையுங்கள். கழுவிய தண்ணீர் கிணற்றடிக்கோ ஊருணிக்கோ போகக் கூடாது.

எல்லா வகையையும் ஒரே மாதிரி நடத்துங்கள்: சோடியம் ஹைப்போகுளோரைட் 1 சதக் கரைசலில் 3 நிமிடம், பிறகு கொதித்து ஆறிய நீரில் மூன்று அலசல். கடையில் வாங்கும் பிளீச் திரவம் 4 முதல் 5 சதம் என்றால் ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு நீர். இது முக்கியம், ஏனென்றால் உமியிலேயே மேக்ரோபோமினா ஒட்டி வருவதுண்டு. பின்பு ஈரத்துணியில் முளைகட்டி, முளை 2 முதல் 5 மி.மீ. நீண்டவற்றை மட்டும் எடுத்து 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். சொத்தை விதை என்ற குழப்பம் அதோடு தீரும். முளை அதற்குமேல் நீண்டால் நடும்போது ஒடியும். அதிக மேலாக நட்டால் உமி வித்திலையில் தொப்பிபோல் மாட்டிக்கொண்டு நாற்று விரியாமல் திணறும். அது நோயல்ல, நனைத்து மெதுவாக எடுத்துவிடலாம்.

தண்ணீரைத் தராசில் அளப்பது

மேக்ரோபோமினா சோதனை தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான். பரிவோடு தினமும் தண்ணீர் ஊற்றினால் நோய் வராது. கைக்கணக்கில் தண்ணீரைக் குறைத்தால் ஒரு தொட்டி காயும், ஒரு தொட்டி நனையும்.

உலர் மண் நிரப்பிய தொட்டியை எடை போடுங்கள். உதாரணமாக 1,100 கிராம். சொட்டும்வரை தண்ணீர் ஊற்றி, மேலே மூடி, இரவு முழுக்க வடியவிட்டு மறுபடி எடை போடுங்கள். 1,350 கிராம் என்றால் அந்த மண் பிடிக்கும் நீர் 250 கிராம். அதில் 40 சதம் 100 கிராம். ஆகவே வறட்சிக் கட்டத்தில் தொட்டியின் எடை 1,200 கிராமாக இருக்க வேண்டும். தினமும் மாலையில் எடை போட்டு, குறைந்த அளவை மட்டும் ஊற்றுங்கள்.

நட்டதிலிருந்து முதல் 12 நாள் முழு ஈரம், அதாவது 1,350-ஐ ஒட்டி. இரண்டு உண்மை இலை விரிந்த பிறகு எடையை இறங்கவிட்டு 1,200-இல் நிறுத்துங்கள். 35-ஆம் நாள் வரை அப்படியே. சுத்தத் தொட்டிக்கும் அதே வறட்சி. இல்லையென்றால் தாகத்தில் வாடியதா, நோயில் வாடியதா என்று பிரிக்க முடியாது. தாகத்தில் வாடிய நாற்று தண்ணீர் கண்டு விடிவதற்குள் நிமிர்ந்துவிடும். வேர் அழுகியது நிமிராது.

மொட்டை மாடித் தரையில் தொட்டியை நேராக வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் சிறிய தொட்டி மண் கொதித்து, பூசணம் இல்லாமலே வேர் வெந்துவிடும். மணல் நிரப்பிய பெட்டியில் தொட்டியைக் கழுத்துவரை புதைத்து, நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். மண்ணுக்குள் 5 செ.மீ. ஆழத்தில் தெர்மாமீட்டர் 30 முதல் 35 காட்ட வேண்டும். முழு நிழலில் நாற்று வெளுத்து நெடுநெடுவென்று வளர்ந்து சாயும். மார்கழியில் இந்தச் சோதனையைத் தொடங்குவதைத் தவிருங்கள். இரவுக் குளிரில் நோய் மந்தமாகும்.

கழுத்தழுகலுக்கு முறை வேறு. அது ஈரமும் காற்றும் கிடைக்கும் மேல்மண்ணில் இருப்பது. ஆழத்தில் கலந்தால் வேலை செய்யாது. 15, 20 நாள் நாற்றின் கழுத்தைச் சுற்றி, பூசணம் வளர்ந்த சோளம் பத்து மணியை மேல் 2 செ.மீ. மண்ணில் வைத்து, கொஞ்சம் காய்ந்த சருகு மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒன்று இரண்டு வாரத்தில் முடிவு தெரியும்.

எண்ணுவதும் கணக்கும்

மூன்று முறை எண்ணுங்கள்: 10-ஆம் நாள் மேலே வராதவை, 20-ஆம் நாள் செத்தவை, 35-ஆம் நாள் செத்தவை. செத்ததை அன்றே பிடுங்கி, வேரைக் கழுவி, 1 சதப் பிளீச்சில் ஒரு நிமிடம் நனைத்து அலசி, ஈர டிஷ்யூ விரித்த மூடிய டப்பாவில் 30 டிகிரி சூட்டில் வையுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் கரும்புள்ளிகள் எழுந்தால் மேக்ரோபோமினா கொன்றது என்று உறுதி. இளநாற்று கரும்புள்ளி உண்டாகும் முன்பே செத்துவிடுவதால் பிடுங்கியவுடன் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

சுத்தத் தொட்டியில் செத்ததைக் கழித்துக்கொள்ள வேண்டும். நோய்த் தொட்டியில் 55 சதம் செத்தது, சுத்தத் தொட்டியில் 10 சதம் செத்தது என்றால் 55-லிருந்து 10-ஐக் கழித்தால் 45. அதை 90-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 50. நோயின் கணக்கு 50 சதம். சுத்தத் தொட்டியிலேயே 20 சதத்துக்கு மேல் செத்தால் கணக்குப் போடாமல் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பயறு, எண்ணெய்வித்து வேரழுகல் சோதனைகளில் வழக்கமான அளவுகோல்: சாவு 10 சதம் வரை எதிர்ப்பு, 11 முதல் 20 மிதமான எதிர்ப்பு, 21 முதல் 50 மிதமாக ஆளாவது, 51-க்கு மேல் எளிதில் ஆளாவது. ஆனால் 20 நாற்றில் ஒரு நாற்று என்பதே 5 சதம். ஒரு வகையில் 12-ம் இன்னொன்றில் 9-ம் செத்தால் இரண்டும் ஒன்றுதான். ஏறக்குறைய 8 நாற்று வித்தியாசம் இருந்தால்தான் தற்செயல் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். அதைவிட நுணுக்கமாகப் பிரிக்க வேண்டுமென்றால் வகைக்கு 40 நாற்றாவது வைக்க வேண்டும்.

35-ஆம் நாள் பிழைத்தவற்றையும் பிடுங்கி வேரைப் பாருங்கள். மேலே பச்சையாக நிற்கும் செடியின் ஆணிவேர் பாதி கருத்திருக்கும். அது பூ எடுக்கும்போது காயப்போகிற செடி. பிழைத்த கணக்கில் அதைச் சேர்க்காமல் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

அவசரமாக ஒரு முன்பார்வை மட்டும் வேண்டுமென்றால் காகித முறை இருக்கிறது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் கொண்டைக்கடலைக்கென்று உருவானது. மணலில் ஒரு வாரம் வளர்ந்த நாற்றின் வேரைக் கழுவி, அரைத்த பூசணக் கரைசலில் ஒரு நிமிடம் வரை நனைத்து, ஈர ஒற்றுத்தாளுக்குள் வேரை மடித்து, இலைகளை வெளியே விட்டு, 35 டிகிரியில் 8 நாள் வைப்பது. தாளைத் தினமும் நனைக்க வேண்டும். வேர் கருத்த அளவை 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். வேகமானது, ஆனால் கடுமையானது. மண்ணில் ஓரளவு தாங்கும் வகையைக்கூட இது ஒதுக்கிவிடும். இதை மட்டும் நம்பி விதையைத் தூக்கிப்போட வேண்டாம்.

தொட்டியில் தேறிய ஒன்றிரண்டு வகைகளை 20 லிட்டர் பைகளில், வகைக்குப் பத்துச் செடி, நோய் மண்ணிலேயே பூ முதிரும் வரை வளர்த்துப் பாருங்கள். மொட்டு வந்ததும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். நாற்றில் தேறிய வகை இங்கே விழலாம். அந்த உண்மையை வயலில் தெரிந்துகொள்வதைவிடப் பையில் தெரிந்துகொள்வது மலிவு.

முடிந்த பிறகு நோய் மண்ணைக் கொல்லை ஓரத்தில் கொட்டாதீர்கள், குப்பைக் குழியிலும் போடாதீர்கள். மேக்ரோபோமினாவின் உறக்க விதை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். செடிகளை எரித்து, மண்ணை ஈரமாக்கி மறுபடி 1 மணி நேரம் அவித்து, அதன்பிறகே வெளியே எடுங்கள். தொட்டி, கரண்டி, சல்லடை எல்லாவற்றையும் மண் போகத் தேய்த்துக் கழுவி, பிளீச் கரைசலில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். மண் ஒட்டியிருந்தால் பிளீச் வேலை செய்யாது. செருப்பின் அடியையும் கழுவிவிட்டுப் பிறகு வயலுக்குப் போங்கள்.